சரியான ஊகம்

ரோனி கார்பெட் ஐந்தடிக்குச் சற்றே அதிகமான உயரமுள்ள மனிதர். 1971இலிருந்து 1987 வரை பிபிசியில் வந்த 'தி டூ ரோனீஸ்' நிகழ்ச்சியில், தன் உடம்புக்குச் சற்றும் பொருந்தாத ஒரு பெரிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கதை சொல்ல ஆரம்பிப்பார். கதை உடனே தடம் மாறும். கிளைக்கதை, கிளைக்குள் இன்னொரு கிளை. கடைசியில் எப்படியோ ஆரம்பித்த இடத்துக்கு வந்து சேர்வார். அடுத்த வாக்கியம் எங்கே போகும் என்று ஊகிக்க முடியாது என்பதே அவருடைய கலை.

இதே கார்பெட் 1994இலிருந்து 1996 வரை அதே பிபிசியில் 'ஸ்மால் டாக்' என்ற போட்டியை நடத்தினார். குழந்தைகளிடம் கேள்வி கேட்பார்கள். குழந்தை என்ன பதில் சொல்லும் என்று பெரியவர்கள் ஊகிக்க வேண்டும். ஊகம் பலித்தால் லாபம் பெரியவருக்கு.

இதற்கு முன்பே அமெரிக்காவில், 1982 செப்டம்பர் முதல் ஒரு வருஷம், சிபிஎஸ்ஸில் 'சைல்ட்ஸ் ப்ளே' வந்தது. மார்க் குட்ஸன் தயாரிப்பு; நடத்தியவர் பில் கல்லன். இதில் குழந்தைகள் ஒரு வார்த்தைக்குத் தமக்குத் தெரிந்த விதத்தில் அர்த்தம் சொல்வார்கள். அந்த வீடியோப் பதிவைப் பார்த்து, அது என்ன வார்த்தை என்று பெரியவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டும் ஒரே ஜாதி ஆட்டம்போலத் தோன்றும். எனக்கு அவை எதிரெதிரானவையாகப் படுகின்றன. கல்லனின் ஆட்டத்தில், குழந்தை முதலில் பேசிவிடுகிறது. பெரியவர் அந்தப் பாஷைக்குள் போய், தனக்குத் தெரிந்த வார்த்தையோடு திரும்பி வரவேண்டும். அது வாசிப்பு. கார்பெட்டின் ஆட்டத்திலோ, குழந்தை சொல்லப்போவது பெரியவர் கையில் முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டும். அது தீர்ப்பு.

இந்தப் பழைய நிகழ்ச்சிகளின் சில துண்டுகளை செல்போனில் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழு வயதான என் மகளோடு இரண்டாவது ஆட்டத்தை ஆடிப்பார்த்தேன். ஐந்து கேள்விகள். அவள் சொல்லப்போகும் பதில்களை ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்தேன். முதல் கேள்வி: அப்பா பாங்கில் என்ன செய்கிறார்?

"பணம் எண்ணுவார்" என்றாள். நான் எழுதியிருந்தது அதே இரண்டு வார்த்தைகள்தான்.

நான்கு கேள்விகள்வரை எல்லாமே சரி. மனைவி என்னைப் பாராட்டினாள். குழந்தையை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறேனாம். ஐந்தாவது கேள்வியைக் கேட்டதும் மகள் பதில் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "நீ என்னப்பா எழுதியிருக்கே?"

அப்போதுதான் உறைத்தது. ஊகித்துக்கொண்டிருந்தது நான் மட்டுமல்ல.

இரண்டு வருஷத்துக்கு முன் அதே முதல் கேள்விக்கு அவள் வேறு பதில் சொன்னாள். அப்போது நான் கேஷ் கவுண்டரில் இருந்தேன். "அப்பா கண்ணாடிக்குள்ள இருக்கார். எல்லாரும் வரிசையா வந்து பாத்துட்டுப் போறாங்க" என்றாள். என் உத்தியோகத்தைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னோம். அவர்களும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாலைந்து தடவைக்குப் பிறகு சொல்ல மறுத்துவிட்டாள். வெட்கம் என்று நினைத்தோம். கண்ணாடிக்குள் இருப்பது எப்படி இருக்கும் என்று அவள் அப்போது தெரிந்துகொண்டிருக்கிறாள். 'பணம் எண்ணுவார்' என்ற பதிலில் அந்த ஆபத்து கிடையாது.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. எனக்குக் கவிதைகள் தபாலில் வருகின்றன. இரண்டு வரி படித்ததும் மூன்றாவது வரியை நானே சொல்லிவிடுவேன். பல வருஷ வாசிப்பு தந்த தேர்ச்சி என்று இதை நம்பி வந்திருக்கிறேன்; சில நண்பர்களிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன். போன வருஷம் ஒரு இளைஞரின் முதல் தொகுதி பற்றி எழுதினேன். கரடுமுரடான புத்தகம். பல இடங்களில் என்னால் கூடப் போகமுடியவில்லை. அதில் இறுக்கமான, உருவம் கூடிவந்த நாலு கவிதைகளை மட்டும் எடுத்துச் சொல்லி, இதுதான் இவருடைய பாதை என்று முடித்திருந்தேன்.

போன வாரம் அவரிடமிருந்து பதினோரு புதிய கவிதைகள் வந்தன. எல்லாமே இறுக்கமானவை. உருவம் கூடிவந்தவை. ஒவ்வொன்றிலும் மூன்றாவது வரி நான் நினைத்த இடத்தில் வந்து நின்றது. பதினொன்றும் சரி. என் கட்டுரைக்கு முன்னால் அவர் எந்த முகத்தோடு நின்றிருப்பார் என்பதை இப்போது என்னால் பார்க்க முடிகிறது.

முதல் தொகுதியை எடுத்து வைத்துக்கொண்டு, அன்று நான் விட்டுவிட்ட பக்கங்களைப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். மெதுவாகத்தான் நகர்கிறது. அவருக்கு இன்னும் பதில் போடவில்லை. நான் என்ன எழுதுவேன் என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.