ஐந்து பேரின் எண்

ஒரு வாட்ஸ்அப் எண்ணை ஒரு போனில்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று நான்கு பேரிடம் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். ஒரு போனில் இருக்கும் எண்ணை இன்னும் நான்கு கருவிகளில் இணைக்கலாம். நாங்கள் ஐந்து பேர். அளவெடுத்துத் தைத்தது போல எங்களுக்குப் பொருந்திய வசதி அது. அதைத்தான் மறைத்தேன்.

எனக்குக் கானாடுகாத்தானில் வீடு. எங்கள் பங்குக்கு வந்த பகுதியில் நான்கு அறைகளைச் சீர்செய்து, வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு விடுகிறேன். கார்த்திகையிலிருந்து மாசி வரை ஆள் வரும். சித்திரை வெயிலில் வளவில் காக்கை கூட இறங்காது. வருகிறவர்களும் முன்பதிவுத் தளங்கள் வழியாகவே வந்தார்கள். 100 ரூபாய் வாடகையில் 18 ரூபாய் தளத்துக்குப் போனது. அந்த 18 ரூபாய் வயிற்றெரிச்சலில்தான், 2023 கடைசியில், எல்லாரையும் கூப்பிட்டு முகப்பில் உட்காரவைத்தேன். ஆத்தங்குடிக் கல் பட்டறைக்காரர், பழைய அம்பாசடர் வைத்திருக்கும் கார்க்காரர், காரைக்குடியில் கண்டாங்கி நெய்பவர், வீட்டிலேயே சமைத்துப் போடும் ஆச்சி ஒருவர், நான்.

பேச்சு எளிமையானது. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே இன்ஸ்டாகிராம் பக்கம், கூகுள் மேப்பில் ஒரே பதிவு, ஒரே வாட்ஸ்அப் எண். படம் எடுக்க ஆளுக்கு 3,000 ரூபாய். விளம்பரத்துக்கு மாதம் ஆளுக்கு 600. வீடு கேட்டு வருகிறவருக்குக் காரையும், கார் கேட்பவருக்குச் சாப்பாட்டையும், சாப்பிட வருபவருக்குப் புடவையையும் சொல்ல வேண்டும். எண் யாரிடம் இருப்பது என்ற கேள்வி வந்தபோதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். "படிச்சவுக வச்சுக்கட்டும்" என்றார் ஆச்சி. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

எங்கள் பக்கத்தை ஊர் உலகத்துக்குக் கொண்டுபோனது என் வீடு அல்ல. பர்மா தேக்குத் தூணையும் முட்டைவெள்ளைப் பூச்சையும் நான் எத்தனை கோணத்தில் படம் பிடித்துப் போட்டாலும் பார்த்தவர்கள் கடந்து போனார்கள். பட்டறைக்காரரின் கை வந்த 40 விநாடிதான் நின்றது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார். பூவின் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு நிறச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார். சட்டத்தை மெல்லத் தூக்குகிறார். மேலே உலர்ந்த மணல் கலவை, அதற்கு மேல் காரை. பிறகு, முன்பே தண்ணீரில் ஊறி எழுந்த ஒரு கல்லைத் திருப்பிக் கண்ணாடியைப் பிரிக்கிறார். இயந்திரம் தீட்டாத அந்தப் பளபளப்பு, கண்ணாடி விட்டுப்போனது. அந்தக் காணொளியைப் பார்த்துத்தான் பெங்களூரிலிருந்தும் பிரான்சிலிருந்தும் செய்தி வந்தது. வந்தவர்கள் என் வீட்டில் தங்கினார்கள். பட்டறைக்குப் போய் ஒரு மணி நேரம் அவர் வேலையைக் கெடுத்துப் படம் எடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

அவருக்கென்று வந்த செய்திகளும் உண்டு. வீடு கட்டுகிற ஒருவர் கூடத்துக்கு 600 சதுர அடி கல் வேண்டும் என்று கேட்டிருந்தார். அறை கேட்டு வந்த செய்திகளுக்கு ராத்திரி 11 மணிக்கும் பதில் போட்ட நான், இதைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டேன். வஞ்சகம் என்றுகூடச் சொல்ல முடியாது. அதில் எனக்கு ஒன்றுமில்லை, அதனால் விரல் நகரவில்லை. 19 நாள் கழித்துப் பட்டறைக்காரருக்கு அனுப்பிவைத்தபோது, கேட்டவர் வேறு இடத்தில் வாங்கியிருந்தார்.

கார் விஷயத்தில் செய்ததற்கு அந்தச் சமாதானமும் கிடையாது. காரைக்குடி டிராவல்ஸ் ஒன்று, வண்டிக்கு ஆள் அனுப்பினால் 10 சதவீதம் தருவதாகச் சொன்னது. ஏசி வண்டி, விருந்தினருக்குச் சுகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்பாசடரைக் குறிப்பிட்டுக் கேட்டவர்களிடமும் "ஓட்டுநருக்கு இன்று வேறு வேலை" என்று எழுதினேன். கார்க்காரர் வாரம் ஒருமுறை போன் செய்து, "ஏதாச்சும் வந்துச்சாண்ணே?" என்பார். "சீசன் டல்லா இருக்குப்பா" என்பேன். அந்த மாதமும் அவருடைய 600 ரூபாய் 5-ஆம் தேதி தவறாமல் வந்தது.

பிடிபட்டது திருமயம் கோட்டை அடிவாரத்தில். கார்க்காரர் உள்ளூர்க் குடும்பம் ஒன்றை அரைநாள் வாடகைக்கு ஏற்றிக்கொண்டு போய் அங்கே நின்றிருக்கிறார். டிராவல்ஸ் வண்டியில் வந்திறங்கிய என் வீட்டு விருந்தினர்கள் அம்பாசடரைப் பார்த்ததும் ஓடிவந்து, "காணொளியில் பார்த்த கார்! இதைத்தானே கேட்டோம், உங்களுக்கு வேறு வேலை என்றார்களே" என்று ஆசையாய்ப் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டார்களாம்.

சாயங்காலம் போன் வந்தது. திட்டவில்லை. "அண்ணே, எனக்கு இன்னைக்கு என்ன வேலைன்னு சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் வைத்துவிட்டார்.

எங்கள் வளவில் ஆளுக்கொரு அறை, அறைக்கொரு பூட்டு. முகப்புச் சாவி எந்தப் பங்காளியிடம் இருப்பது என்று அப்பச்சி காலத்தில் நடந்த சண்டைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். சாவியை வைத்திருந்த பங்காளியைப் பற்றி இன்றைக்கும் வீட்டில் நல்ல வார்த்தை பேசுவதில்லை. அதே முகப்பில்தான் நான்கு பேரை உட்காரவைத்து அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன்.

மறுவாரம் எல்லாரையும் கூப்பிட்டேன்; மூன்று பேர் வந்தார்கள். வந்த செய்திகள், போன செய்திகள், டிராவல்ஸ் கொடுத்த பணம் எல்லாவற்றையும் போனைத் திறந்து காட்டினேன். நெசவாளர் தன் புடவைகளைக் கேட்ட ஏழு செய்திகளை எண்ணி எடுத்தார். ஆச்சி எதையும் பார்க்கவில்லை. "காபி போடவா?" என்று என் வீட்டிலேயே என்னைக் கேட்டார். அதைவிடக் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

டிராவல்ஸிடம் வாங்கிய 8,400 ரூபாயைக் கார்க்காரர் வீட்டில் கொடுக்கப் போனேன். அவர் மனைவி வாங்கிவைத்தார். அவர் வெளியே வரவில்லை.

சிம் கார்டு இப்போது ஆத்தங்குடிப் பட்டறையில் இருக்கிறது. பட்டறைக்காரரின் மகள் பதில் போடுகிறாள். என்னை விட வேகம். சிம் இருக்கும் அந்த முதல் போனை 14 நாள் திறக்காவிட்டால் இணைந்த மற்றவை தாமாகவே அறுந்துவிடும், என்னுடையதும் சேர்த்து. ஆச்சி, நெசவாளர், நான் என்று மூன்று போன்கள் இணைந்திருக்கின்றன. நான்காவது இடம் காலியாக இருக்கிறது. கார்க்காரர் இன்னும் இணைக்கவில்லை.