அம்மாவுக்கு ஒரு பலகை!

எங்க வீட்டுல எழுதப்படாத சட்டம் ஒண்ணு உண்டு. கொல்லைப்புறத்துல இருக்குற அப்பாவோட பட்டறைக்குள்ள நான் காலடி எடுத்து வைக்கக் கூடாது. சாப்பிடக் கூப்பிடணும்னா கூட வெளியில நின்னே, 'அப்பா, சோறு ஆறுது'ன்னு கத்தணும். அவ்வளவுதான்!

காரணம், அப்பாவோட இடது கை ஆட்காட்டி விரல். அதுக்கு நுனி கிடையாது. நான் யூ.கே.ஜி. படிக்கும்போது வட்ட ரம்பம் வாங்கிக்கிட்டது. 'இந்தத் தொழில் என்னோட போகட்டும். இவன் படிக்கட்டும்'னு அன்னிக்கு முடிவு பண்ணினவர். அதனாலதான் தச்சர் மகனான நான், ஒரு ஆணியைக் கூட நேரா அடிக்கத் தெரியாம மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் வரைக்கும் வந்தேன். கூடவே ஒரு அரியர். 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்'. ரெண்டு தடவை எழுதியாச்சு. ரெண்டு தடவையும் அது என்னை ஜெயிச்சிருச்சு!

போன வருஷம் மே மாசம் அம்மாவுக்கு முட்டி வலி. 'இனிமே தரையில சம்மணம் போட்டு உட்காரவே கூடாது'ன்னுட்டார் டாக்டர். அம்மாவுக்கு அது தண்டனை மாதிரி. 25 வருஷமா அரிவாள்மனையில உட்கார்ந்து, கண்ணை மூடிக்கிட்டு வெண்டைக்காய் நறுக்கினவங்க. நின்னுக்கிட்டு கத்தியில நறுக்கறதுக்கு ஒரு பிளாஸ்டிக் பலகை வாங்கிக் கொடுத்தோம். அது மேடையில வழுக்கிட்டு ஓடும். கொஞ்ச நாள்லயே முகமெல்லாம் கத்திக் கீறல். ஒவ்வொரு கீறலுக்குள்ளயும் மஞ்சளும் பீட்ரூட்டும் குடியேறிடுச்சு. எப்படித் தேய்ச்சாலும் போகலை.

'மரத்துல ஒண்ணு இருந்தா நல்லாயிருக்கும்'னு அம்மா சொன்னாங்க. தச்சன் வீட்டுல இதைச் சொல்ல அவங்களுக்கே சிரிப்பு. ஆனா, அப்பா செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு கதவு, ஜன்னல் வேலையா போயிருந்தார். வர பதினஞ்சு நாள் ஆகும். பட்டறை சாவி சாமி படத்துக்குப் பின்னாடி தொங்குது. எனக்கு செமஸ்டர் லீவு. அப்புறம் என்ன பாஸ்? சட்டத்தை மீறியாச்சு!

உள்ளே மூலையில பழைய நிலைக்கட்டையில மிச்சமான தேக்குத் துண்டுகள், கொஞ்சம் பலா. தேக்கு பழுப்பு, பலா நல்ல மஞ்சள். மாத்தி மாத்தி ஒட்டினா சூப்பரா இருக்கும்னு தோணிச்சு. யூடியூப்ல யாரோ ஒரு அமெரிக்கர் மேப்பிள் மரத்துல செய்யறதைப் பார்த்து வச்சிருந்தேன். வட்ட ரம்பத்தை மட்டும் தொடலை. அப்பாவோட விரல் ஞாபகம். கை ரம்பத்துலயே அறுத்து, இழைப்புளியில இழைச்சேன். முதல் நாள் சீவல் வரலை, தூள்தான் வந்தது. மூணாவது நாள் பேப்பர் மாதிரி சுருண்டு சுருண்டு ஒரு சீவல் விழுந்துச்சு பாருங்க... அதை எடுத்து நோட்டுக்குள்ள வச்சுக்கிட்டேன். சொன்னா சிரிப்பீங்க, இன்னும் வச்சிருக்கேன்!

14 இஞ்ச் நீளம், 9 இஞ்ச் அகலம், 1 இஞ்ச் கனம். பட்டை பட்டையா ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரு ராத்திரி விட்டேன். அதோட நிறுத்தியிருக்கலாம். நாமதான் இன்ஜினீயர் ஆச்சே! 'ஃபினிஷிங்' வேணும்னு சுத்தி போட்டோ ஃபிரேம் மாதிரி நாலு பக்கமும் தேக்குச் சட்டம் வச்சு, மூலையில 45 டிகிரி வெட்டி, பசையைக் கொட்டி ஒட்டினேன். மேல கதவுக்கு அடிக்கிற மெலமைன் பாலிஷ். பளபளன்னு கண்ணாடி! அம்மாவுக்கு அதுல காய் நறுக்கவே மனசு வரலை. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் எடுத்துக் காட்டினாங்க.

அப்பா வந்தார். பலகையைக் கையில எடுத்தார். திருப்பிப் பார்த்தார். வச்சிட்டுக் குளிக்கப் போயிட்டார். ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருந்தா கூட பரவாயில்லை. ராத்திரி சாப்பாடு இறங்கலை எனக்கு.

ஜூன் வந்துச்சு. தென்காசிப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், மலை இடைவெளி வழியா காத்து புகுந்து சாரல் ஆரம்பிச்சா துணி காயாது, உப்பு கசியும், கதவு இறுகும். ஊரே அருவியில குளிச்சிட்டு ஜாலியா இருக்க, எங்க வீட்டு சமையலறையில ஒரு நாள் காலையில 'டப்'புனு ஒரு சத்தம். பலகையோட ஒரு மூலை பிளந்து நிக்குது. ரெண்டே நாள்ல எதிர் மூலையும். பாலிஷ் வேற கத்தி பட்ட இடமெல்லாம் செதில் செதிலா உரிய ஆரம்பிச்சிருச்சு. அம்மா ஒண்ணும் சொல்லாம பிளாஸ்டிக் பலகையை மறுபடி எடுத்து வச்சாங்க. அதைப் பார்க்கறதுதான் கஷ்டமா இருந்தது.

அன்னிக்கு சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். எங்கே? பட்டறைக்குள்ள!

"வந்த அன்னிக்கே தெரியும்ல, இது பிளக்கும்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா? சட்டத்தைக் கழட்டு. அகலத்தை அள."

வெர்னியர் காலிப்பர் வச்சுப் பார்த்தேன். மே மாசம் 9 இஞ்ச் இருந்த அகலம் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் கூடியிருந்தது. நீளத்தை அளந்தேன். அப்படியே இருந்தது!

"நீளத்துக்கு மரம் நகராது. அகலத்துக்கு நகரும். நம்ம வாசக்கதவைப் பாரு. நடுப்பலகைக்குப் பசை போட்டிருக்கேனா? காடியில சும்மா நிக்கும். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், யாருக்கும் தொந்தரவு இல்ல. நீ நாலு பக்கமும் கட்டிப் போட்டா அது எங்க போகும்?"

எனக்குப் பொறி தட்டிச்சு. 'அனைசோட்ரோபிக்'! திசைக்குத் திசை குணம் மாறுற பொருள். அரியர் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வி. உதாரணம்: மரம். ரெண்டு தடவையும் மனப்பாடம் பண்ணி எழுதியிருக்கேன். ஆனா, தேக்கு பச்சையில இருந்து முழுசா காயும்போது வளையத்தை ஒட்டின திசையில 5 சதவிகிதத்துக்கு மேல சுருங்கும், மையத்தை நோக்கின திசையில அதுல பாதிதான், நீளவாக்குல கிட்டத்தட்ட சைபர்ங்கிறது என் மண்டையில ஏறினது, அம்மாவோட பலகை வெடிச்ச அன்னிக்குத்தான். எட்டாவதோட நின்ன அப்பாவுக்கு அந்த வார்த்தை தெரியாது. விஷயம் தெரியும்.

ரெண்டாவது பலகையை ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சோம். சேர்ந்துன்னா, அவர் ஸ்டூல்ல உட்கார்ந்து டீ குடிப்பார், நான் செய்வேன்! வெளிப்பக்கத்து வெள்ளையை ஒதுக்கிட்டு, வைரம் பாய்ஞ்ச துண்டா மட்டும் பொறுக்கச் சொன்னார். ஒவ்வொரு பட்டையோட முனையிலும் வளையத்தைப் பார்த்து, ஒண்ணு மேல பார்த்தா அடுத்தது கீழ பார்க்கிற மாதிரி மாத்தி மாத்தி அடுக்கணுமாம். ஒண்ணு ஒரு பக்கம் வளைஞ்சா, பக்கத்துல இருக்குறது எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கும். பசை, தண்ணி படற வேலைக்குன்னு தனியா விக்கிறது. சட்டம் கிடையவே கிடையாது. உப்புத்தாள் போட்டு வழவழன்னு ஆக்கினதும், ஈரத் துணியில துடைக்கச் சொன்னார். அடப்பாவி, உழைப்பெல்லாம் போச்சேன்னு பார்த்தா, காய்ஞ்சதும் நார் எல்லாம் மூணு நாள் தாடி மாதிரி எழுந்து நின்னுச்சு. அதை மறுபடி தேய்ச்சு எடுத்தா, அதுக்கப்புறம் எத்தனை தடவை கழுவினாலும் அவ்வளவா எழாது.

பாலிஷுக்குப் பதிலா என்னன்னு ஒரு குட்டிச் சண்டை. அப்பா தேங்காய் எண்ணெய்ன்னார். சமையல் எண்ணெய் நாளாக ஆக சிக்கு வாடை அடிக்கும், மினரல் ஆயில்தான் கெடாதுன்னு நான் படிச்சதைச் சொன்னேன். 'சரி, வாங்கிட்டு வா'ன்னுட்டார். வாழ்க்கையில முதல் தடவை என் பேச்சைக் கேட்டது அதுதான்! மினரல் ஆயில் மெடிக்கல் ஷாப்புல 'லிக்விட் பாரஃபின்'ங்கிற பேர்ல கிடைக்கும். பேதி மருந்து! ரெண்டு பாட்டில் கேட்டதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, 'யாருக்குத் தம்பி, ரொம்ப நாளாவா?'ன்னு மெதுவா விசாரிச்சார். 'பலகைக்கு அண்ணே'ன்னா நம்பவே இல்லை.

மரப் பலகையில கிருமி தங்கும்னு சித்தி ஒருத்தங்க கிளப்பி விட்டாங்க. அதுக்கும் பதில் இருக்கு. அமெரிக்காவுல டீன் கிளிவர்ங்கிற விஞ்ஞானியோட குழு இதைச் சோதிச்சுப் பார்த்து 1994-ல வெளியிட்டது. மரத்துல விட்ட பாக்டீரியா உள்ளே உறிஞ்சப்பட்டு, மேல திரும்ப வரலை. புது பிளாஸ்டிக்கைக் கழுவறது சுலபம். கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைக் கையால தேய்ச்சுச் சுத்தம் பண்றதுதான் கஷ்டம். நம்ம கறிக்கடைகள்ல காலங்காலமா புளியங்கட்டைதானே! ஆனா ஒண்ணு, மரப் பலகையை ஊற வைக்கக் கூடாது. கழுவினதும் துடைச்சு, காத்துப்படற மாதிரி நிறுத்தி வைக்கணும்.

இந்த வருஷம் சாரலும் வந்துச்சு. தினமும் காலையில எழுந்து பல் தேய்க்கறதுக்கு முன்னாடி அந்தப் பலகையைத்தான் பார்ப்பேன். பிளக்கலை. பலாவோட மஞ்சள் மட்டும் வெளிச்சம் பட்டுப் பட்டு பழுப்பாயிட்டு வருது. நடுவுல அம்மா கத்தி ஓடின இடம் லேசா குழி விழ ஆரம்பிச்சிருக்கு. மீன் ஆய, தேங்காய் துருவ மட்டும் அரிவாள்மனையை மேடை மேல ஏத்தி வச்சு, நின்னுக்கிட்டே சமாளிக்கிறாங்க. அதை மட்டும் விட மாட்டாங்களாம்.

அப்பா இன்னிக்கு வரைக்கும் 'நல்லாயிருக்கு'ன்னு சொல்லலை. போன வாரம் சைக்கிள் கேரியர்ல ஒரு புளிய மரத் துண்டைக் கட்டிக்கிட்டு வந்தார். பச்சை மரம், 2 இஞ்ச் கனம். பட்டறைச் சுவர்ல நிழலாப் பார்த்துச் சாய்ச்சு வச்சார்.

"இது யாருக்குப்பா?"

"உனக்குத்தான். இஞ்சுக்கு ஒரு வருஷம் காயணும். ரெண்டு வருஷத்துக்கு அதைத் தொடாத. அதுக்குள்ள அந்தப் பேப்பரை எழுதி முடில!"