எல்லிஸின் தாள்கள்

அடுத்த வருஷம் சுக்கிர மூடம், அதாவது சுக்கிரன் சூரிய ஒளியில் மறையும் காலம், எப்போது விழும் என்று கல்யாண வீட்டார் வந்து கேட்டால், தாத்தா என்னைப் பரணில் ஏற்றிவிடுவார். "அந்த வருஷத்துக்கு எட்டு வருஷம் முந்தின பஞ்சாங்கத்தை எடுடா." பாம்புப் பஞ்சாங்கங்கள் வருஷவாரியாகச் சணலில் கட்டிக் கிடக்கும். பிரித்தால் கறையான் மண் உதிரும். பழைய தேதியிலிருந்து இரண்டு மூன்று நாளைக் கழித்துச் சொல்வார், சரியாக வரும். எட்டு ஆண்டில் சுக்கிரன் ஐந்து சுற்று முடித்துக் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்துவிடும் என்பதை வெகுகாலம் கழித்து ஒரு வானியல் புத்தகத்தில் படித்தபோது, அந்தப் பரணின் புழுக்கம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

அந்த மாதிரிப் புத்தகங்களுக்கெல்லாம் எனக்கு மூர் மார்க்கெட்தான். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் அந்தச் சிவப்புக் கட்டடம். சாதக அலங்காரம் ஒரு கடையில், கிழிந்த லாகரிதம் அட்டவணை அடுத்த கடையில். எல்லிஸின் திருக்குறள் உரையும் அங்கேதான் கிடைத்தது, ரா.பி. சேதுப்பிள்ளை 1955-இல் பதிப்பித்தது. கடைக்காரர் விலை சொல்லிவிட்டு, பேரம் பேசுமுன்பே நூல் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார். 1985-இல் மார்க்கெட் தீப்பிடித்தது. அதற்குப் பிறகு பல நாள் அந்தப் பக்கம் போக மனம் வரவில்லை.

எல்லிஸ் 1810-இல் சென்னைக் கலெக்டர். 1812-இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை உருவாக்கியவர். தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்தில் பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டு முன்பே, 1816-இல் எழுதினார். ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறு வெட்டி, இராயப்பேட்டையில் கல்வெட்டில் குறள் பொறிக்கச் செய்தார். நாற்பது வயதுவரை படிப்பது, அதன்பிறகே நூல் வெளியிடுவது என்று இருந்தாராம். 1819-இல் இராமநாதபுரத்தில் இறந்தபோது வயது நாற்பத்தொன்று. அவர் சேர்த்து வைத்த கையெழுத்துத் தாள்கள் மதுரையில் ஒரு துரை வீட்டுச் சமையல்காரருக்கு மாதக்கணக்கில் அடுப்புப் பற்றவைக்கப் பயன்பட்டதாக அதிகாரி வால்டர் எலியட் பின்னாளில் எழுதினார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. குறள் உரையில் நமக்கு மிஞ்சியது நூற்றிருபது குறளுக்கு. மற்றவற்றுக்கு எழுதியிருந்தாரா, தொல்காப்பியம் பற்றி ஏதாவது வைத்திருந்தாரா, யாரிடம் போய்க் கேட்பது?

அதே கல்லூரி அச்சகத்தில் 1825-இல் ஒரு பெரிய புத்தகம் வந்தது: ஜான் வாரனின் 'கால சங்கலித'. நம்மவர் காலம் கணிக்கும் முறைகளைப் பற்றியது. வாரன் பிறப்பால் பிரெஞ்சுக்காரர். சென்னை வானாய்வகத்தைச் சில ஆண்டுகள் நடத்தியவர். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவரைக் கண்டுபிடித்து எதிரே உட்காரவைத்தார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பினார். காகிதம் இல்லை, எழுத்தாணி இல்லை. எண்களெல்லாம் வாக்கியங்களாக மனப்பாடம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியம், நாளுக்கு ஒன்றாக. 248 நாளில் சந்திரனின் வேக ஏற்றத்தாழ்வு ஒன்பது முறை முடிந்து திரும்பத் தொடங்கும். சோழியைக் கூட்டினார், கழித்தார், இடம் மாற்றினார். அந்த ஆண்டு மே கடைசியில் நேர்ந்த சந்திர கிரகணத்துக்கு அவர் சொன்ன தொடக்க நேரம் நாலு நிமிஷமே தவறியது. வானியல் சித்தாந்தம் ஒன்றும் அவருக்குத் தெரியாது என்று வாரன் எழுதுகிறார். இருக்கட்டுமே! தாத்தாவுக்கும்தான் தெரியாது. ஆனால் அந்தக் கணக்கு கைதவறாமல் எத்தனை தலைமுறை தாண்டி வந்திருக்கிறது.

தாத்தா இறந்த வருஷமே பரண் கட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயின. வீட்டில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். அவர் ஓரங்களில் பென்சிலால் கிரகணம் பிடித்த நேரம், விட்ட நேரம் எல்லாம் குறித்து வைத்திருப்பார். அச்சிட்ட நேரத்துக்கும் அவர் வாசலில் நின்று பார்த்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அந்தப் பென்சில் குறிப்பு மட்டும்தான் சொல்லும்.