முதல் வாய் பருப்புக்கு

எடைகுறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம் வருகிறவர்கள் உட்காருமுன்பே கிலோ கணக்கைச் சொல்லிவிடுவார்கள். "இருபது போயிடுச்சு மேடம்." கூட வந்த அம்மா, "கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே, ஏதாவது தெம்புக்குக் கொடுங்கம்மா" என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை உண்டு. அந்த இருபதில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று பார்ப்பதுதான் உணவியலாளரான என் வேலை.

திருவனந்தபுரத்தில் ஆரியசாலைப் பக்கத்து உடம்புகளை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் இங்கே வளர்ந்தவள். திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவான சாலைக் கடைத்தெருவில் தலைமுறைகளாகப் பருப்பும் பயறும் விற்கும் தமிழ்க் குடும்பங்கள். மூட்டையைத் தூக்குவது சுமைத் தொழிலாளி. முதலாளி காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் இரவில்தான் எழுந்திருப்பார். மூன்று வேளையும் அரிசி. வயிறு முன்னே வந்திருக்கும், தொடையும் கையும் மெலிந்திருக்கும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் 2004இல் தங்கள் உடம்புகளையே எடுத்துக்காட்டாக வைத்து லான்செட் இதழில் எழுதினார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3தான். ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர்கள் பலர் இப்படிக் குறைந்த தசையோடுதான் அறுவை மேசைக்கே போகிறார்கள். இழப்பதற்கு அவர்களிடம் அதிகம் இல்லை.

ஸ்லீவ் என்ற எடைகுறைப்பு அறுவை சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் போய்விடுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் மேல்பகுதியும் அதில் அடக்கம். பசி இல்லை, இடமும் இல்லை. உடம்பு சேமித்த கொழுப்பை எரிக்கிறது. கூடவே தசையையும் கரைக்கிறது. குறைகிற எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாததாக இருக்கலாம். அதுவும் முதல் சில மாதங்களில்தான் வேகமாகப் போகிறது. எல்லாமே நஷ்டம் என்று நான் நினைப்பதில்லை. நூற்றிருபது கிலோவைச் சுமக்க வளர்ந்த கால் தசை, எண்பது கிலோவுக்கு அவ்வளவு தேவைப்படாது. அந்தக் கால் பங்கில் நீரும் சேர்ந்திருக்கிறது. ஆனால் மாடிப்படி ஏறக் கைப்பிடியைத் தேட ஆரம்பித்தால், அது தாங்க முடியாத இழப்பு.

உடல் கொழுப்பைக் கணிக்கும் பயோஇம்பிடன்ஸ் கருவியின் எண்ணை நான் பாதிதான் நம்புவேன். மின்சாரம் நீரில் எளிதாகப் பாயும், கொழுப்பில் தடைபடும். அந்தத் தடையை வைத்துத்தான் கருவி கணக்குப் போடுகிறது. அறுவை முடிந்தவர்களோ தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கவே திணறுகிறவர்கள். உடம்பில் நீர் குறைந்தால் கொழுப்பைக் கூட்டிக் காட்டும். அதனால் எப்போதும் காலையில், வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்த பிறகுதான் அளப்பேன். பிறகு பிடிவலிமைக் கருவியைக் கையில் கொடுப்பேன். ஆசியர்களுக்கான 2019ஆம் ஆண்டு வரையறைப்படி ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் வலிமை குறைவு. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வேன். 12 நொடிக்குள் முடிக்க வேண்டும். எடை எவ்வளவு குறைந்திருந்தாலும், இதில் தடுமாறினால் உணவுப் பட்டியலை மாற்றிவிடுவேன்.

சிரமமெல்லாம் சாப்பாட்டில். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும், வயிறோ அரைக் கிண்ணத்தில் நிறைந்துவிடும். முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6, நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20. இட்லியில் இரண்டுதான். சைவ வீடுகளில் பாசிப்பருப்பு, தயிர், பனீர், சோயா என்று கூட்டிக் கூட்டிப் பார்த்தும் எட்டாதபோது வே புரதப் பொடியைச் சேர்ப்பேன். முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் சோறு: இந்த வரிசையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மெலிந்துவிட்டாள் என்று பாட்டி கரைத்துக் கொடுக்கும் அரிசிக் கஞ்சி வயிற்றை நிரப்பும், தசைக்கு உதவாது. அதைப் பாட்டியிடமே பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். மருமகளிடம் சொன்னால் அடுப்படியில் எடுபடாது.

நவராத்திரிக்கு வேளிமலையிலிருந்து குமாரசுவாமி விக்கிரகம் ஆரியசாலைக் கோயிலில் வந்து தங்கும் நாட்கள் எனக்குப் பிடித்தவை, வீட்டுக்கு வீடு சுண்டல். அறுவைக்குப் பிறகு குழைவான உணவு மட்டும் சாப்பிடும் கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு, நன்றாக மென்றால், அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. சர்க்கரைப் பொங்கல் வேண்டாம் என்பேன். இரைப்பை பைபாஸ் அறுவை செய்தவர்களுக்கு இனிப்பு வேகமாகக் குடலுக்கு இறங்கிப் படபடப்பும் வியர்வையும் வரும்.

புரதம் மட்டும் தசையைக் காக்காது, அந்தத் தசைக்கு வேலையும் வேண்டும். அறுவை செய்த மருத்துவர் அனுமதித்ததும் கடைக்காரர்களுக்கு நான் சொல்வது: பயறுப் பொட்டலத்தைக் கையாளைக் கூப்பிடாமல் நீங்களே தூக்குங்கள். ஒரு கிலோவில் தொடங்குங்கள், வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் பளு தூக்குவதன் வேலையை அது செய்யாது.

நான்காம் மாதம் முடி கொட்டும்போது எல்லாரும் ஓடி வருகிறார்கள். அது பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். இரண்டாம் ஆண்டுக்குப் பிறகுதான் வருவதை நிறுத்துகிறார்கள். எடை நின்றுவிட்டது, சேலை ரவிக்கையெல்லாம் மாற்றித் தைத்தாகிவிட்டது, இனி என்ன என்று. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி குறைவது அப்போதுதான் சத்தமில்லாமல் நடக்கும். எலும்பின் அடர்த்தியும் குறையும். விட்ட எடை திரும்பி ஏறினால், அதில் பெரும்பகுதி கொழுப்பாகவே வரும். அதனால் ஆண்டுக்கொரு முறை ரத்தப் பரிசோதனைக்கு நானே கூப்பிடுகிறேன். போனை எடுக்காதவர்களைக் கடைத்தெருவில் பார்த்தால் அங்கேயே நிறுத்தி, மாத்திரை போடுகிறீர்களா, முட்டை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிடுகிறேன்.