நவநீதம் பிள்ளை - நம்மாளா?

நவநீதம் பிள்ளைன்னு பேரைச் சொன்னா எங்க அடி அண்ணாமலையில வர்ற முதல் கேள்வி, "எந்த ஊர்க்காரங்க?" கிரிவலப் பாதை டீக்கடையில சொல்லிப் பார்த்தேன். தென்னாப்பிரிக்கான்னதும் ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம், "இருந்தாலும் நம்மாளுதானே"ன்னு முடிச்சிட்டாங்க. இந்த 'நம்மாளு' பட்டம் அந்தம்மாவைப் படுத்தின பாடு கொஞ்சநஞ்சமில்லை.

உறவு இல்லைன்னும் சொல்ல முடியாது. 1860 அக்டோபர்ல மெட்ராஸ்ல இருந்து போன 'ட்ரூரோ' கப்பல்ல தொடங்கி 1911 வரைக்கும், ஒன்றரை லட்சம் இந்தியர்கள் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாப் போனாங்க. நம்ம வட ஆற்காடு, தென் ஆற்காடு பக்கத்து ஆளுங்க அதுல நிறைய. அவங்க வம்சம் வாழ்ற டர்பன்லதான் 1941ல இவங்க பிறந்தாங்க. அப்பா பஸ் டிரைவர். ஆறு வயசுல அப்பாவோட சம்பளப் பணம் ஐந்து பவுண்டை எடுத்துட்டுப் போறப்ப ஒருத்தன் பறிச்சிட்டான். குட்டிப் பொண்ணு கோர்ட்ல ஏறி சாட்சி சொல்லிச்சு. திருடனுக்குத் தண்டனை கிடைச்சது, பணம் மட்டும் திரும்பி வரலை.

அக்கம்பக்கத்து ஜனங்க காசு சேர்த்துக் கொடுத்துத்தான் காலேஜ் படிப்பு. சட்டம் முடிச்சா எந்த வெள்ளைக்கார வக்கீல் ஆபீஸும் சேர்த்துக்கலை. ஒரு கறுப்புப் பொண்ணு சொல்லி வெள்ளைக்கார குமாஸ்தா வேலை பார்க்கிறதான்னு பிரச்சினை! 1967ல சொந்தமா போர்டு மாட்டினாங்க. நேட்டால்ல வெள்ளையர் அல்லாத பெண் ஒருத்தர் அப்படித் தொடங்கினது அதுதான் முதல் தடவை. ராபன் தீவுக் கைதிகள் வக்கீலைப் பார்க்கிற உரிமையை 1973ல வாதாடி வாங்கிக் கொடுத்தாங்க. மண்டேலா அப்ப அங்கதான் இருந்தார். அவரே ஜனாதிபதியான பிறகு, 1995ல இவங்க ஹைகோர்ட் நீதிபதி. நீதிபதியோட அறைக்குள்ள இவங்க முதல் தடவையா நுழைஞ்சதே தானே நீதிபதியான அன்னைக்குத்தானாம். அதுவரைக்கும் அவங்க நிறத்துக்கு அங்கே அனுமதி இல்லை.

நிற்க. இதுவரைக்கும் சொன்னது விக்கிப்பீடியாவிலயே இருக்கும். என்னை உலுக்கினது ருவாண்டா வழக்கு.

1994ல நூறே நாள்ல சுமார் எட்டு லட்சம் பேரைக் கொன்னாங்க. அதை விசாரிக்க ஐ.நா. தான்சானியாவில, அரூஷாவில ஒரு தீர்ப்பாயம் வச்சது. தாபாங்கிற ஊரோட மேயர் ழான்-பால் அகாயேசு மேல வழக்கு. மூணு நீதிபதிகள்ல இவங்க ஒருத்தர்தான் பெண். குற்றப்பத்திரிகையில பாலியல் வன்முறை பத்தி ஒரு வரி கூட இல்லை. வேற விஷயத்துக்கு சாட்சி சொல்ல வந்த ஒரு அம்மா, தன்னோட ஆறு வயசுப் பொண்ணை மூணு பேர் என்ன செஞ்சாங்கன்னு நடுவுல சொன்னாங்க. 'அது இந்த வழக்குல இல்லையேம்மா'ன்னு தாண்டிப் போயிருக்கலாம். நீதிபதிகள் தாண்டலை, மேல கேட்டாங்க. அடுத்தடுத்த சாட்சிகளும் அதையே சொல்ல, 1997 ஜூன்ல குற்றப்பத்திரிகையையே திருத்தினாங்க. 1998 செப்டம்பர் 2 தீர்ப்புல, ஒரு இனத்தை அழிக்கிற நோக்கத்தோட செஞ்சா பாலியல் வல்லுறவும் இனப்படுகொலைதான்னு ஆச்சு. எந்த சர்வதேச நீதிமன்றமும் அதுக்கு முன்னாடி அப்படிச் சொன்னதில்லை. காது கொடுத்துக் கேட்டதால வந்த சட்டம்யா இது!

2008ல ஐ.நா. மனித உரிமை ஆணையர். தீர்ப்பு எழுதின கைக்கு இனிமே அறிக்கை எழுதுற வேலை. அடுத்த வருஷமே முள்ளிவாய்க்கால். சுதந்திரமான விசாரணை வேணும்னு இவங்க கேட்டாங்க. 2009 மே மாசம் கூடின மனித உரிமைக் கவுன்சிலோ இலங்கைக்கு அனுசரணையா தீர்மானம் போட்டுச்சு (இந்தியாவும் அதை ஆதரிச்சது, ஞாபகம் இருக்கட்டும்).

2013 ஆகஸ்ட்ல இலங்கைக்கு நேர்லயே போனாங்க. தமிழ்ப் பேரு, அதனால புலிகளோட ஏஜென்ட்டுன்னு அங்கே பல வருஷமா பேச்சு. ஒரு மந்திரி கல்யாணம் பண்ணிக்கத் தயார்னு நக்கல் அடிச்சார். எழுபது வயசு தாண்டின ஒரு நீதிபதிகிட்ட! கிளம்புற அன்னைக்கு கொழும்பு பத்திரிகையாளர் கூட்டத்துல, நான் தென்னாப்பிரிக்கக்காரி, அதுல எனக்குப் பெருமைன்னு சொல்லிட்டாங்க. அதே கூட்டத்துல புலிகளைக் கொலைகார அமைப்புன்னும் சொன்னாங்க, அவங்களைப் போற்றுகிற புலம்பெயர்ந்தவங்களையும் கண்டிச்சாங்க. காணாமப் போனவங்க குடும்பங்களுக்காகவும், ராணுவத்தோட பிடிக்கு எதிராவும் பேசினாங்க.

நம்ம பக்கத்துல சிலருக்கு அந்தப் புலி வாக்கியம் கசந்துச்சு. எனக்கு என்னமோ அது இல்லாம மத்தது நிக்காதுன்னு தோணுது. 'நம்மாளு'ன்னு நாம கொண்டாடினா, 'அவங்காளு'ன்னு கொழும்பு ஒதுக்கிடும். ரெண்டு பேரும் செய்யறது ஒரே வேலைதான், ஜாதகம் பார்க்கிறது. அவங்க பதவிக் காலம் முடியறதுக்கு சில மாசம் முன்னாடி, 2014 மார்ச்சில, விசாரணைக்குக் கவுன்சில் ஒத்துக்கிச்சு. 2015ல அறிக்கையும் வந்துச்சு. ஆறு வயசுல அவங்க பார்த்த கோர்ட்லயாவது திருடனுக்குத் தண்டனை கிடைச்சது. இங்கே அறிக்கைக்கு மேல அறிக்கைதான்.

2021ல இருந்து 2025 வரைக்கும் பாலஸ்தீனம் பத்தின ஐ.நா. விசாரணை ஆணையத்துக்குத் தலைமை. காசாவில நடக்கிறது இனப்படுகொலைன்னு 2025 செப்டம்பர்ல அந்த ஆணையம் சொன்னப்ப அவங்களுக்கு வயசு 84 ஆக ஒரு வாரம் பாக்கி. பாரபட்சம்னு இஸ்ரேல்கிட்ட இருந்து திட்டு வந்துச்சு. இந்தத் தடவை யாரும் தமிழச்சின்னு திட்டலை.