அரைப் புள்ளி

2023 டிசம்பரில், ஸாக்ரெப்பில் நடந்த ஐரோப்பிய மின்னல்வேகச் சதுரங்கப் போட்டியில் ஹரோவைச் சேர்ந்த எட்டு வயது போதனா சிவானந்தன் 13 ஆட்டங்களில் 8.5 புள்ளி எடுத்துச் சிறந்த பெண் வீராங்கனை பரிசை வென்றார். ருமேனியாவின் முன்னாள் சாம்பியனான கிராண்ட்மாஸ்டர் விளாடிஸ்லாவ் நெவெட்னிச்சியுடன் அவர் ஆடியது சமனில் முடிந்தது. நோர்பரியில் எங்கள் பக்கத்துச் சனம் பரிசைத்தான் கதைத்தது. எனக்கு அந்தச் சமன்தான் பெரிதாகத் தெரிந்தது.

இங்கே பிள்ளைகள் சட்டன் கிராமர் பள்ளித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். கிடைத்தது, கிடைக்கவில்லை, நடுவில் ஒன்றுமில்லை. சென்ற மாதம் என் மகள் தன்னைவிட 400 புள்ளி கூடிய ஒருவருடன் சமன் செய்துவிட்டு வந்தாள். அம்மா கேட்டா: "அப்ப பிள்ளை வெல்லேல்லையோ?"

"தோக்கேல்லை, அம்மம்மா."

"இதுக்கே மூண்டு மணித்தியாலம் இருந்தனி?"

இலோ கணக்கு அம்மாவைவிடத் தாராளமானது. 400 புள்ளி இடைவெளி என்றால், பத்து ஆட்டம் ஆடினாலும் பலம் குறைந்தவர் முழுதாக ஒரு புள்ளி எடுப்பார் என்று அது எதிர்பார்ப்பதில்லை. மகள் ஒரே ஆட்டத்தில் அரைப் புள்ளி எடுத்தாள். உலகச் சதுரங்கச் சம்மேளன விதிப்படி வளரும் பிள்ளைகளுக்கான பெருக்கு எண் 40. ஆகவே அவளுக்கு ஏறக்குறைய 17 புள்ளி கூடும். பெருக்கு எண் 20 உள்ள எதிராளி எட்டுப் புள்ளி இழப்பார். ஒருவருக்கு லாபம், மற்றவருக்கு நட்டம். இதைச் சமன் என்று சொல்வதே கொஞ்சம் பகிடிதான்.

ஆட்டத்தின் கடைசி ஒரு மணி நேரம் அவளிடம் ராஜாவும் ஒரு யானையும் மட்டும். எதிராளியிடம் யானையோடு ஒரு சிப்பாயும். பார்ப்பவருக்குத் தோல்வி போலத்தான் இருக்கும். அவள் ராஜாவைச் சிப்பாயின் வழியில் நிறுத்தினாள். யானையைத் தன் பக்கமிருந்து மூன்றாம் வரிசையில் வைத்து, எதிரி ராஜா அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாள். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் யானையைப் பலகையின் மறு கோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக், மறுபடி செக். ராஜா ஒளிய இடமில்லை. எதிராளி பேசாமல் கை நீட்டினார்.

1777-இல் பிலிடோர் எழுதிவைத்த தற்காப்பு அது. இசையமைப்பாளரும் சதுரங்க மேதையுமான அந்தப் பிரெஞ்சுக்காரர் லண்டனுக்கு ஆட வந்துபோனவர். புரட்சிக்குப் பின் ஊர் திரும்ப வழியில்லாமல் 1795-இல் இங்கேயே இறந்தார். இதை மகளுக்குச் சொன்னேன்.

"அவரும் அகதியோ?" என்றாள். ஓம் என்றேன்.