தரையைத் தொடாத பந்து

பிட்ஸ்பர்க் விமான நிலையத்தில் இரண்டு சிலைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒருவரைத் தெரிந்தது: ஜார்ஜ் வாஷிங்டன். இளம் ராணுவ அதிகாரியாக இந்தப் பக்கங்களில் போரிட்டவர் என்பதால் அவருக்கு இங்கே இடம். மற்றவர் ஹெல்மெட் அணிந்த ஒரு கருப்பர். ஓடுகிற வேகத்தில் குனிந்து, காலணி உயரத்தில் ஒரு பந்தை ஏந்திக்கொண்டிருந்தார். யார் என்று அத்தானைக் கேட்டேன்.

"ஃப்ராங்கோவைத் தெரியாதா? வெளியே சொல்லிடாதே. ஊருக்குள்ளே விட மாட்டாங்க."

அக்கா குடும்பம் அந்த ஊரில் இருபது வருஷங்களுக்கு மேலாக இருக்கிறது. 2022 டிசம்பரில் மூன்று வாரம் அவர்களோடு தங்கப் போயிருந்தேன். அமெரிக்கக் கால்பந்து பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அதில் காலுக்கு அதிக வேலை இல்லை என்பதுதான். மொழிபெயர்ப்பு வேலையில் எப்போதாவது அந்த விளையாட்டு குறுக்கே வரும். அப்போதெல்லாம் அந்தப் பத்தியைச் சுருக்கிவிட்டு மேலே போய்விடுவது என் வழக்கம்.

டிசம்பர் 21 காலை பக்கத்து வீட்டு வாசலில் ஒரு மஞ்சள் துண்டு தொங்கியது. ஃப்ராங்கோ ஹாரிஸ் இறந்துவிட்டார் என்று அக்கா சொன்னாள். வயது 72. அந்தப் பந்தைப் பிடித்து ஐம்பது ஆண்டுகள் நிறைவதற்கு மூன்று நாள் முன்பு. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அக்கா கேசரி எடுத்துக்கொண்டு போனாள். துக்க வீட்டுக்குக் கேசரியா என்று நான் கேட்டதை அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நானும் கூடப் போனேன்.

பெரியவருக்கு 76 வயது. எஃகு ஆலையில் உலைத் தொழிலாளியாக இருந்தவர். எண்பதுகளில் ஆலை மூடிய பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டியிருக்கிறார். விருந்தாளிக்கு ஆட்டம் தெரியாது என்று அறிந்ததும் அவர் முகத்தில் ஒரு பிரகாசம். கதையை முதலிலிருந்து சொல்ல ஆள் கிடைத்துவிட்டதே!

1972 டிசம்பர் 23. ஊரின் த்ரீ ரிவர்ஸ் மைதானத்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் ஓக்லண்ட் ரெய்டர்ஸும் மோதிய பிளேஆஃப் ஆட்டம். தோற்றால் அந்தப் பருவம் முடிந்தது. 1933இல் தொடங்கிய ஸ்டீலர்ஸ் அதுவரை ஒரு பிளேஆஃப் ஆட்டத்திலும் ஜெயித்ததில்லை. கடைசி நிமிஷங்களில் ஓக்லண்ட் 7-6 என்று முந்திவிட்டது. ஆட்டம் முடிய 22 வினாடி. பத்து கஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. இது நான்காவது. எல்லைக்கோடு 60 கஜம் தள்ளி இருந்தது.

டெர்ரி பிராட்ஷா எதிராளிகளின் பிடியிலிருந்து நழுவி, ஃபுக்வா என்ற வீரரை நோக்கிப் பந்தை வீசினார். பந்து வந்து சேர்ந்த அதே கணத்தில் ஓக்லண்டின் ஜாக் டேட்டம் ஃபுக்வாவின் மேல் மோதினார். பந்து எகிறிப் பின்னால் பறந்தது. தரையைத் தொட்டிருந்தால் கதை முடிந்தது. எங்கிருந்தோ ஓடி வந்த ஃப்ராங்கோ, புல்லுக்குச் சில அங்குல உயரத்தில் அதை ஏந்தி, ஓட்டத்தை நிறுத்தாமல் இடது ஓரமாகவே எல்லைக்கோடு வரை ஓடினார். மிச்சம் ஐந்து வினாடி. முடிவு 13-7. அணியைத் தொடங்கிய கிழவர் ஆர்ட் ரூனி அதைப் பார்க்கவில்லை. தோற்ற பையன்களுக்கு ஆறுதல் சொல்ல லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தாராம்.

"நான் டிவியில் பார்த்தேன். நாற்காலியிலிருந்து எகிறியதில் விளக்கு உடைந்தது" என்றார் பெரியவர்.

"நீங்கள் காருக்கு அடியில் படுத்திருந்தீர்கள். ரேடியோதான் பாடிக்கொண்டிருந்தது. விளக்கு உடைந்தது வேறு வருஷம்" என்றார் அவர் மனைவி சமையலறையிலிருந்து.

பாட்டி சொன்னதுதான் சரி. அந்தக் காலத்தில் உள்ளூரில் நடக்கும் ஆட்டத்தை மைதானத்தைச் சுற்றி 75 மைலுக்கு ஒளிபரப்ப மாட்டார்கள். டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்தாலும் இதே விதிதான். 1973இல் சட்டம் கொண்டுவந்து இதைத் தளர்த்தினார்கள். ஆகவே அந்தப் பந்து பிடிபட்ட நேரத்தில் பிட்ஸ்பர்க்கில் தன் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தவர் என்று ஒருவர்கூட இருக்க முடியாது. மைதானத்தில் இருந்தவர்கள் சுமார் ஐம்பதாயிரம் பேர். இன்று நேரில் பார்த்ததாகச் சொல்கிறவர்களை உட்கார வைக்க இன்னும் நாலைந்து மைதானம் வேண்டும் என்று அத்தான் கேலி செய்வார். எனக்கு அது பொய்யாகப் படவில்லை. மறு ஒளிபரப்பில் நூறு முறை பார்த்த ஒன்று, பார்த்த நாளை விட்டு நகர்ந்து நடந்த நாளுக்கே போய் ஒட்டிக்கொள்கிறது.

அந்தப் பிடிக்கு ரசிகர்களே ஒரு பெயர் வைத்தார்கள். 'இம்மாகுலேட் ரிசெப்ஷன்'. அன்று இரவே ஒரு பெண் தொலைபேசியில் சொல்ல, வர்ணனையாளர் மைரன் கோப் அதைக் காற்றில் ஏற்றிவிட்டார். பின்னாளில் அந்த மஞ்சள் துண்டைப் பிரபலப்படுத்தியவரும் இவர்தான். மரியாள் ஜென்ம பாவமின்றிக் கருவானதைக் கத்தோலிக்கர்கள் கொண்டாடும் திருநாள் டிசம்பர் 8. ஆங்கிலத்தில் அதன் பெயரில் ஒரு அசையை மட்டும் மாற்றி இதைச் செய்திருக்கிறார்கள். நம்மூர்க் கத்தோலிக்கர் அதை அமலோற்பவம் என்பார்கள். இரண்டு நாள் யோசித்து 'அமலேற்பு' என்று ஒரு சொல் செய்தேன். வடசொல்லும் தமிழ்ச் சொல்லும் தப்பாகப் புணர்ந்த சொல். இலக்கண வகுப்பில் எனக்குப் பாடம் சொன்னவர் கேட்டால் முகம் சுளிப்பார். ஆனால் காதுக்குச் சரியாக விழுகிறது. பெரியவரிடம் சொல்லிக் காட்டினேன். மூன்று முறை சொல்லிப் பார்த்து, "இதுவும் ஜெபம் மாதிரிதான் இருக்கிறது" என்றார்.

ஃப்ராங்கோவை இந்த ஊர் ஏன் இப்படிச் சொந்தம் கொண்டாடியது என்பது தனிக் கதை. அப்பா கருப்பின ராணுவ வீரர். அம்மா போர்க்காலத்தில் அவர் மணந்த இத்தாலியப் பெண். 1972 அவருக்கு முதல் பருவம். ஊரின் இத்தாலியர்கள் ராணுவ ஹெல்மெட்டும் கொடியுமாக 'ஃப்ராங்கோவின் இத்தாலியப் படை' ஒன்றைக் கிளப்பினார்கள். நடிகர் ஃப்ராங்க் சினாட்ராவைக்கூட அதில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பருவத்தில் ஸ்டீலர்ஸ் அடுத்த ஆட்டத்திலேயே மயாமியிடம் தோற்றது. 1974 முதல் ஆறு பருவங்களில் நான்கு முறை சாம்பியன். அதற்குப் பின் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிழைப்புத் தேடி வெளியூர் போனவர்கள் மஞ்சள் துண்டையும் எடுத்துப் போனார்கள். அதனால்தான் எந்த ஊரில் ஸ்டீலர்ஸ் ஆடினாலும் அரங்கத்தில் பாதி மஞ்சளாக இருக்கிறது என்றார் பெரியவர். வேலை போன நாளை ஒரே வாக்கியத்தில் சொன்னவர், அந்தப் பந்துக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

ஓக்லண்ட் ரசிகர்களைக் கேட்டால் இதே கதை திருட்டுக் கதையாகிவிடும். அன்றைய விதிப்படி, பந்து ஃபுக்வாவின் மேல் மட்டும் பட்டு எகிறியிருந்தால் அவர் அணியைச் சேர்ந்த இன்னொருவர் அதைப் பிடிக்கக் கூடாது. டேட்டத்தின் மேல் பட்டிருந்தால் பிடிக்கலாம். நடுவர்கள் கூடிப் பேசினார்கள், மேலே தொலைபேசியில் பேசினார்கள், பிறகு கையைத் தூக்கினார்கள். எந்தப் படச்சுருளும் ஐயத்தைத் தீர்க்கவில்லை. யார் மேல் பட்டது என்று ஃபுக்வாவுக்குத் தெரியும். கேட்டவர்களிடமெல்லாம் சிரித்து மழுப்பியே அந்த ரகசியத்தைப் பல பத்தாண்டுகள் காத்தார்.

நான் வேறொன்றைக் கேட்டேன். "அந்த டேட்டம் பிறகு என்ன ஆனார்?"

பெரியவர் கேசரிக் கிண்ணத்தைப் பார்த்தார். அத்தான்தான் சொன்னார். 1978 ஆகஸ்டில் பருவம் தொடங்கும் முன் நடந்த ஒரு சாதாரண ஆட்டம். எந்தக் கணக்கிலும் சேராதது. டேரில் ஸ்டிங்லி என்ற 26 வயது வீரர் தனக்கு வீசிய பந்துக்காகத் தாவினார். டேட்டம் மோதினார். ஸ்டிங்லியின் கழுத்தெலும்பு முறிந்து கை கால் செயலிழந்தன. அன்றைய விதிப்படி அது தவறே அல்ல. ஓக்லண்டின் பயிற்சியாளர் ஜான் மேடன் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துக்கொண்டார். டேட்டம் 1980இல் எழுதிய சுயசரிதையின் தலைப்பில் 'கொலையாளி' என்ற தன் பட்டப்பெயரையே போட்டுக்கொண்டார். ஸ்டிங்லி 2007இலும் டேட்டம் 2010இலும் இறந்தார்கள். இருவரும் சமாதானம் ஆகவில்லை.

அதே ஆள், அதே மாதிரி மோதல். 1972இல் பந்து எகிறியது. 1978இல் ஒரு மனிதன் எழுந்திருக்கவில்லை. ஊர் கொண்டாடுவது எகிறிய பந்தை. அதை எகிற வைத்தது எது என்று யாரும் சிலை வைக்க மாட்டார்கள்.

பாட்டி துணியில் கை துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். "வெப்ஸ்டரைப் பற்றியும் சொல்லுங்கள்" என்றார் கணவரிடம். அதையும் பெரியவர் சொல்லவில்லை, பாட்டியே சொன்னார். மைக் வெப்ஸ்டர், நான்கு சாம்பியன் பட்டங்களிலும் ஸ்டீலர்ஸ் வரிசையின் நடுவே நின்றவர். ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் முதல் முட்டு அவர் தலைக்குத்தான். ஓய்வுபெற்றபின் நினைவும் புத்தியும் குழம்பி, லாரிக்குள் படுத்துத் தூங்கும் நிலைக்கு வந்து, 2002இல் ஐம்பது வயதில் இறந்தார். நைஜீரியாவில் பிறந்து இந்த ஊரில் பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருந்த பென்னெட் ஒமாலு, அவர் மூளையை எடுத்து ஆராய்ந்தார். திரும்பத் திரும்ப அடிபட்டதால் மூளை கெட்டிருந்ததை 2005இல் மருத்துவ இதழில் எழுதினார். பிறகு முன்னாள் வீரர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டார்கள்.

பாட்டி இதைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி அணியில் சேர வேண்டும் என்கிறான். பையனின் அம்மா மாட்டேன் என்று நிற்கிறாள். தாத்தா வாய் திறந்து எந்தப் பக்கமும் பேசவில்லை. ஆனால் பையனின் அறையில் 32ஆம் எண் சட்டையை மாட்டியது அவர்தான்.

டிசம்பர் 24 இரவு அவர்கள் வீட்டிலேயே ஆட்டம் பார்த்தோம். அதே ஸ்டீலர்ஸ், அதே ரெய்டர்ஸ். ஃப்ராங்கோவின் 32ஆம் எண்ணை இனி யாரும் அணியாதபடி ஓய்வளிக்கும் விழாவுக்கென்றே முன்பே குறித்த நாள். அவர் இல்லாமல் விழா நடந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக்கும் மேல் குளிர். ஸ்டீலர்ஸ் கடைசி நிமிஷம் வரை 10-6 என்று பின்தங்கியிருந்து, 46 வினாடி இருக்கும்போது ஜெயித்தது. 13-10. "அதே ஆறு, அதே பதின்மூன்று" என்று பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐம்பது வருஷத்துக்கு முந்திய படத்தை எத்தனையோ தடவை போட்டுவிட்டார்கள். மறுபடி போட்டார்கள். பேரன் தரையில், தாத்தாவின் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பந்து பறந்தது, டேட்டம் மோதினார்.

"தாத்தா, கீழே விழுந்தவருக்கு அடிபட்டதா?"

அவன் அம்மா சோபாவிலிருந்து தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்தார். அதற்குள் கேமரா ஃபுக்வாவை விட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. ஃப்ராங்கோ ஓடத் தொடங்கியிருந்தார். பையனும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டான்.